அரண்மனையைக் காப்பது காகிதம்

ஓர் அரண்மனை எப்படி முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு அரண்மனையாகவே நிற்கிறது? கல்லும் சுண்ணாம்பும் காரணம் என்று சொல்லலாம். காவலுக்கு ஆள் இருந்தான், பணம் இருந்தது என்றும் சொல்லலாம். ஆனால் பணம் வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் மூன்று தலைமுறையில் பாகம் பிரித்து, அடகு வைத்து, கரைந்துபோயிருக்கின்றன. சில குடும்பங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன, சுவரில் மாட்டிய படம்கூட இடம் மாறாமல். அதற்கு என்ன காரணம் என்ற கேள்வியை வைத்துக்கொண்டுதான் ரோமில் இருக்கும் தோரியா பம்ஃபிலி அரண்மனையைப் பற்றி எழுதுகிறோம்.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் மாணவர்கள், 'நமக்கும் இந்த அரண்மனைக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

ஒரு பயிற்சிக்காக நாங்கள் நான்கு பேர், இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், ரோமில் சில நாட்கள் தங்கியிருந்தோம். எல்லோருமே முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஒரு பிற்பகல் ஓய்வு கிடைத்தது. விய தெல் கோர்ஸோ என்பது அந்த நகரின் நடுவே ஓடும் நேரான கடைத்தெரு. செருப்புக் கடை, துணிக்கடை, ஐஸ்கிரீம் கடை என்று போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று நீண்ட ஒரு முகப்பு வருகிறது. ஜன்னல்களுக்கு மேலே அலையலையாக வளைந்த கல் வேலைப்பாடு. 1730களில் கப்ரியேலே வல்வஸ்ஸோரி என்ற கட்டிடக் கலைஞர் செய்த முகப்பு அது. பரோக் என்று சொல்கிறார்களே, அந்தப் பாணி: எதையும் நேர்கோட்டில் விடாமல், பார்ப்பவர் வாய் பிளக்கும்படி வளைத்து, தங்கம் பூசி, நிழல் விழ வைப்பது. உள்ளே போனால் ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றம். அதைச் சுற்றித்தான் படக்கூடங்கள். கண்ணாடிக் கூடம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் ஆளுயரக் கண்ணாடிகள், மேலே ஓவியம் தீட்டிய கூரை.

இது அரசு அருங்காட்சியகம் கிடையாது. இன்றும் ஒரு குடும்பத்தின் உடைமை. அதனால் அருங்காட்சியகத்தில் இருப்பதுபோலக் கண் மட்டத்தில் ஒரு படம், பக்கத்தில் விளக்கக் குறிப்பு என்று இங்கே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை சுவர் தெரியாமல் படங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் எப்படி மாட்டினார்களோ அதே முறை. கரவஜ்ஜோ, டிஷியன், ரஃபேல் என்று புத்தகத்தில் படித்த பெயர்கள் எல்லாம் ஒரே சுவரில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கையில் ஒலிக்கருவி ஒன்று தருகிறார்கள். ஆங்கிலத்தில் அதில் பேசுவது அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசு. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சுற்றிக்காட்டுவதுபோல, எங்கள் வீடு, எங்கள் பாட்டனார், நாங்கள் சிறு வயதில் இங்கே விளையாடினோம் என்று இயல்பாகப் பேசுகிறார். அந்த இயல்புதான் எங்களை நிறுத்தியது. தன் குடும்பத்தின் கதையைப் பதினைந்து தலைமுறைக்கு முன்னால் போய்த் தடங்கல் இல்லாமல் சொல்ல முடிகிறது. எங்கள் நால்வரில் யாருக்கும் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு மேலே தெரியாது. ஒருவருக்கு அதுவும் தெரியாது.

பியர் பூர்தியு 1966-இல் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு யார் வருகிறார்கள் என்று ஆய்வு செய்து ஒரு புத்தகம் வெளியிட்டார். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தாலும், வீட்டிலும் பள்ளியிலும் பழக்கப்பட்டவர்களே உரிமையோடு உள்ளே வருகிறார்கள் என்பது அதன் சாரம். முதுகலையில் அதைத் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். அந்தக் கூடத்தில் நிற்கும்போதுதான் அது உடம்பில் தெரிந்தது. நால்வருமே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் நடந்துகொண்டிருந்தோம். யாரும் அப்படி நடக்கச் சொல்லவில்லை.

சரி, இந்தக் குடும்பம் யார்?

1644-இல் ஜொவான்னி பத்திஸ்தா பம்ஃபிலி என்பவர் போப் ஆகி, பத்தாம் இன்னொசென்ட் என்று பெயர் வைத்துக்கொண்டார். போப்புக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் அண்ணன் மகன் உண்டு. அந்தக் காலத்தில் ரோமில் ஒருவர் போப் ஆனால் குடும்பமே உயரும். அண்ணன் மகன் கமில்லோவை அவர் கர்தினால் ஆக்கினார். 1647-இல் கமில்லோ அந்தப் பதவியைத் துறந்து, அல்தொப்ரந்தினி என்ற இன்னொரு போப்பின் குடும்பத்து வாரிசான ஒலிம்பியாவை மணந்துகொண்டார். கோர்ஸோ தெருவிலுள்ள இந்த அரண்மனையும் ஏராளமான படங்களும் அந்தப் பெண் கொண்டுவந்த சொத்து. எந்தப் பெண்ணை எந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பது, சொத்து எந்தக் கைக்குள் நிற்பது என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல. அகமணம்தான் சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916-இலேயே சொன்னார். ஐரோப்பிய உன்னதக் குடும்பங்களில் சாதி இல்லை. ஆனால் தங்களுக்குள்ளேயே மணம் செய்து சொத்தையும் பெயரையும் உள்ளேயே சுற்றவிடும் வேலையை அவர்களும் நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

1760-இல் பம்ஃபிலி ஆண் வாரிசு அற்றுப்போனது. பெண் வழியில் ஜெனோவா நகரத்துத் தோரியா குடும்பத்துக்குச் சொத்து போனது. இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. தோரியாக்களின் புகழ்பெற்ற முன்னோர் கடற்படைத் தளபதி அந்திரியா தோரியா. பதினாறாம் நூற்றாண்டில் அவருடைய கப்பல்களைத் துடுப்புப் போட்டு ஓட்டியவர்கள் தண்டனைக் கைதிகளும், கடல் போரில் பிடித்து அடிமையாக்கப்பட்ட முஸ்லிம்களும். சங்கிலியோடு உட்கார்ந்து துடுப்புப் போட்ட அவர்களில் ஒருவருக்கும் படம் இல்லை.

பத்தாம் இன்னொசென்ட் காலத்து ரோமில் இன்னொன்றும் நடந்தது. குடும்ப மாளிகைக்கு முன்னால் இருக்கும் நவோனா சதுக்கத்தில் ஒரு பெரிய நீரூற்று எழுப்பினார். பெர்னினி வடித்த நான்கு நதிகளின் நீரூற்று. 1651-இல் முடிந்தது. நைல், டான்யூப், கங்கை, தென் அமெரிக்காவின் லா பிளாத்தா ஆகிய நான்கு நதிகளையும் நான்கு ஆண் உருவங்களாகச் செய்து, நடுவில் ஒரு பழைய கல்தூணை நிறுத்தினார்கள். உலகமே எங்கள் காலடியில் என்று பொருள். கங்கையின் கையில் நீளமான துடுப்பு. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது நகரில் பஞ்சம். ரொட்டிக்கே தவித்த மக்கள், எங்களுக்குத் தூணும் நீரூற்றும் எதற்கு, ரொட்டி கொடு என்று தாளில் எழுதி ஒட்டினார்கள். ரோமில் அதற்கென்று ஒரு மரபு உண்டு. சதுக்கத்துக்குப் பக்கத்தில் பஸ்குவினோ என்ற மூக்குடைந்த பழைய சிலை நிற்கிறது. அதிகாரத்தை நேரே திட்ட முடியாதவர்கள் இரவில் வந்து அதன்மேல் தாள் ஒட்டிவிட்டுப் போவார்கள். இன்றும் ஒட்டுகிறார்கள். நீரூற்றைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம். பஸ்குவினோ முன்னால் நாங்கள் போனபோது இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

இப்போது அரண்மனைக்குள்ளே இருக்கும் சிறிய அறைக்கு வருவோம். கூடத்தின் ஓரத்தில் இரண்டு பேருக்கும் ஒரு படத்துக்கும் மட்டும் இடம் விட்டதுபோல ஓர் அறை. அங்கே இருப்பது ஸ்பெயின் ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ் 1650-இல் வரைந்த பத்தாம் இன்னொசென்டின் படம். பக்கத்தில் அதே மனிதருக்குப் பெர்னினி செய்த பளிங்குச் சிலை. படத்தில் எல்லாமே சிவப்பு. சிவப்புத் திரை, சிவப்பு நாற்காலி, சிவப்புப் பட்டு மேலங்கி. நடுவில் ஒரு வயதான முகம். சந்தேகம் பிடித்த கண்கள். அந்தப் பார்வை எங்களுக்குத் தெரிந்த பார்வைதான். மனு கொடுக்கப் போகும்போது மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வருமே, அந்தப் பார்வை. படத்தைப் பார்த்துவிட்டு, ரொம்பவே உண்மையாக இருக்கிறது என்று போப் சொன்னாராம். அப்படியொரு கதை உண்டு.

அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது. மனு போன்ற தாள். உற்றுப் பார்த்தால் அதில் வெலாஸ்கெஸின் பெயர் எழுதியிருக்கிறது. ஸ்பெயின் மன்னரின் அரண்மனை ஊழியர் என்ற பதவியோடு. போப்பின் கையிலேயே தன் பெயரைப் பிடிக்கவைத்துவிட்டார் ஓவியர்.

அந்த அறையில் இல்லாத ஒருவரைப் பற்றித்தான் நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஹுவான் தெ பரேஹா. ஸ்பெயினின் அந்தெகேரா ஊரில் 1608 வாக்கில் பிறந்தவர். ஆப்பிரிக்க வம்சாவளியினர். வெலாஸ்கெஸின் பட்டறையில் உதவியாளர். உதவியாளர் என்றால் சம்பளத்துக்கு வேலை செய்தவர் இல்லை. வெலாஸ்கெஸின் அடிமை. ஸ்பெயின் மன்னருக்காகப் படங்களும் சிலைகளும் வாங்க வெலாஸ்கெஸ் 1649-இல் இத்தாலிக்கு வந்தபோது பரேஹாவும் கூடவே வந்தார். போப்பின் படத்தை வரைந்த அதே 1650-இல், அதே ரோமில், வெலாஸ்கெஸ் தன் அடிமையின் படத்தையும் வரைந்தார். அந்த ஆண்டு மார்ச் 19 அன்று பாந்தியன் கோயிலில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். மற்ற படங்கள் படம்போல இருக்கின்றன, இது மட்டும் ஆளே நிற்பதுபோல இருக்கிறது என்று ரோம் ஓவியர்கள் வியந்தார்களாம்.

அந்தப் படத்தை நீங்கள் கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம். சாம்பல் பச்சை மேலங்கி, அகலமான வெள்ளைப் பின்னல் கழுத்துப்பட்டை, மடக்கிய கை, நிமிர்ந்த தலை. நேராக நம் கண்ணைப் பார்க்கிறார். கூனல் இல்லை, கெஞ்சல் இல்லை. அந்த நாளில் சட்டப்படி அவர் ஒரு பொருள்.

அவருக்கு எப்படி விடுதலை கிடைத்தது என்பதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. முதல் பதில் 1724-இல் பலோமினோ என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. பரேஹா ஒளிந்து ஒளிந்து ஓவியம் கற்றாராம். ஒருநாள் தன் படத்தை மன்னரின் கண்ணில் படும்படி சுவரோரம் திருப்பி வைத்தாராம். மன்னர் திருப்பிப் பார்த்து வியந்து, இப்படித் திறமை உள்ளவன் அடிமையாக இருக்கலாகாது என்று சொல்லிவிட்டாராம். கேட்க இனிமையான கதை. அடிமைக்குத் திறமை, அரசனுக்குப் பெருந்தன்மை, எல்லோருக்கும் நல்ல பெயர். நம் ஊரிலும் இப்படி எத்தனை கதைகள் கேட்டிருக்கிறோம். பெரிய மனசுக்காரர் ஒருவர் படிக்கவைத்தார், பண்ணையார் ஒருவர் நிலம் எழுதிக்கொடுத்தார் என்று.

இரண்டாவது பதில் ஒரு காகிதம். ரோம் ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. வரலாற்றாளர் ஜெனிஃபர் மொன்டாகு 1983-இல் அதை வெளியிட்டார். 1650 நவம்பர் 23 தேதியிட்ட விடுதலைப் பத்திரம். எழுதிக்கொடுத்தவர் வெலாஸ்கெஸ். பரேஹாவுக்கும் அவருடைய சந்ததிக்கும் விடுதலை என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: இன்னும் நான்கு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். அதற்குள் ஓடிப்போகக் கூடாது, குற்றம் எதுவும் செய்யக் கூடாது. ஆக, பாந்தியனில் பாராட்டு கிடைத்து எட்டு மாதம் கழித்துத்தான் பத்திரம் வந்தது. பத்திரம் வந்த பிறகும் நான்கு ஆண்டு காத்திருந்து 1654-இல்தான் அவர் சுதந்திர மனிதர். அரசனின் கதையில் இந்த நான்கு ஆண்டு இல்லை. காகிதத்தில் இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பெருந்தன்மையின் கதையை எப்போதும் ஆவணத்தோடு வைத்துப் பாருங்கள்.

பரேஹாவின் படம் என்ன ஆனது தெரியுமா? கைமாறிக் கைமாறி இங்கிலாந்தின் ராட்னர் என்ற உன்னதக் குடும்பத்துக்குப் போனது. அவர்கள் மாளிகையில் நீண்ட காலம் இருந்தது. 1970-இல் லண்டனில் ஏலம் விட்டார்கள். 23 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டுக்குப் போனது. பத்து லட்சம் பவுண்டைத் தாண்டி ஏலம் போன முதல் ஓவியம் அது. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது சொத்தாக இருந்தவர், வரையப்பட்ட பிறகும் சொத்தாகவே கைமாறினார். போப்பின் படமோ 1650-இலிருந்து இன்றுவரை ஒரே குடும்பத்தை விட்டு அகலவில்லை.

ஏன் அகலவில்லை? இங்கேதான் நாம் தொடங்கிய கேள்விக்கு வருகிறோம்.

பரேஹாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதியது 1650. அடுத்த ஆண்டு, 1651-இல், பத்தாம் இன்னொசென்ட் ஒரு பத்திரம் எழுதினார். சேகரித்த கலைப்பொருட்களை அண்ணன் மகன் கமில்லோவுக்கு எழுதிவைத்து, அதற்கு ஒரு பூட்டுப் போட்டார். ஃபிதெகொம்மெஸ்ஸோ என்று அந்தச் சட்ட ஏற்பாட்டுக்குப் பெயர். நம் பத்திர மொழியில் சொன்னால்: வாரிசு அனுபவிக்கலாம்; விற்கக் கூடாது, தானம் செய்யக் கூடாது, பாகம் பிரிக்கக் கூடாது; அப்படியே அடுத்த வாரிசுக்குக் கொடுக்க வேண்டும். எந்தத் தலைமுறையில் கடன்காரனோ சூதாடியோ பிறந்தாலும் சொத்து கரையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலி ஒரே நாடானது. புதிய அரசு இந்தப் பழைய பூட்டுகளை எல்லாம் ஒழித்தது. ஆனால் ரோம் நகர உன்னதக் குடும்பங்களின் கலைச் சேகரிப்புகளுக்கு மட்டும் 1871-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அவற்றைப் பிரிக்கவோ விற்கவோ கூடாது என்று பூட்டைத் திரும்பவும் போட்டது. ஆட்சி மாறியது. போப்பின் அரசு போய் மன்னராட்சி வந்தது, பிறகு பாசிசம் வந்தது, குடியரசு வந்தது. காகிதம் நின்றது. ஒவ்வோர் அரசும் அந்தக் காகிதத்தை மதித்தது. அதனால்தான் அந்தச் சிறிய அறையில் நாங்கள் நின்றபோதும் போப் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் குடும்பத்தில் நல்லவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். அவர்களில் பிலிப்போ அந்திரியா தோரியா பம்ஃபிலி முசோலினியின் பாசிசத்தை எதிர்த்து ஒடுக்குமுறைக்கு ஆளானவர். 1944-இல் ரோம் விடுதலையான பிறகு நகர மேயராக இருந்தவர். அவர்மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் சமூகவியல் கற்றுத்தரும் முதல் பாடமே, தனி மனிதரின் நற்குணமும் ஓர் அமைப்பின் நியாயமும் வேறு வேறு என்பதுதான். நல்ல மனிதர் வாழ்ந்தாலும் கெட்ட மனிதர் வாழ்ந்தாலும் அந்தப் பத்திரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

இதைக் கேட்டதும் எங்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சொல்தான் மனதில் வந்தது. பஞ்சமி.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் அப்படி ஒதுக்கியது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. அந்த நிலத்துக்கும் பூட்டு உண்டு. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் மாற்றக் கூடாது. பிறகு மாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம். வேறு யாருக்குக் கைமாறினாலும் செல்லாது, அரசு மீட்டுக்கொள்ளலாம்.

யோசித்துப் பாருங்கள். ரோமில் ஒரு பூட்டு: இந்தக் குடும்பத்தை விட்டு வெளியே போகக் கூடாது. செங்கல்பட்டில் ஒரு பூட்டு: இந்த மக்களை விட்டு வெளியே போகக் கூடாது. சட்டத்தின் வடிவத்தில் இரண்டும் உறவுக்காரர்கள். பிரபுவின் காகிதம் ஏறக்குறைய 370 ஆண்டுகளாகப் படங்களைக் காத்துக்கொண்டிருக்கிறது. நம் காகிதம் நூறு ஆண்டுக்குள் கண்ணெதிரே ஓட்டையானது. கடனுக்கு எழுதி வாங்கினார்கள், மிரட்டி வாங்கினார்கள், பெருவிரல் ரேகை வாங்கினார்கள், பதிவேட்டைத் திருத்தும்போது பெயரை மாற்றினார்கள். செல்லாது என்று ஆணை சொல்லும் கைமாற்றத்தை அரசு அலுவலகங்களே பதிவு செய்தன.

நிலத்தைத் திருப்பிக் கேட்டபோது என்ன நடந்தது? காரணை கிராமத்துப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அரசின் சொந்த ஆணையை அமல்படுத்து என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் அது.

நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு பாட்டி இருக்கிறார். சுருக்குப்பைக்குள் பாலிதீன் உறை, உறைக்குள் நான்காக மடித்த ஒரு பழைய பட்டா. மடிப்பில் கிழிந்து, எழுத்து மங்கிப்போனது. ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போனோம். கணினியில் வேறு பெயர் இருக்கிறது, இது செல்லாது என்றார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது பாட்டி சொன்னார்: "இந்தக் காயிதம் பேசும்னு எங்க மாமனாரு சொல்லிட்டுப் போனாரு கண்ணு. அது பேசிக்கினுதான் கீது. கேக்கறவன் எவன் இருக்கான்?"

எந்தக் காகிதமும் தானாகப் பேசாது. கேட்பதற்கு ஓர் அரசு வேண்டும். கேட்கவைப்பதற்கு ஓர் இயக்கம் வேண்டும். அந்தக் குடும்பத்தின் காகிதத்தைக் கேட்க எப்போதும் ஓர் அரசு இருந்தது. அதுதான் வித்தியாசம்.

இதை ஏன் இளைஞர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறோம் என்றால், இப்போது எங்கு பார்த்தாலும் 'ஆண்ட பரம்பரை' பேச்சு. பேருந்தின் பின் கண்ணாடியில், பனியனில், ஸ்டேட்டஸில். ஆதிக்கச் சாதிகள் பேசுவது ஒருபுறம் இருக்கட்டும். நம் பிள்ளைகளும் சிலர், 'நாமும்தான் ஆண்டோம், நமக்கும் கோட்டை இருந்தது' என்று வாளும் கிரீடமும் போட்ட படங்களைப் பகிர்கிறார்கள். அந்தக் கோபம் எங்களுக்குப் புரிகிறது. வரலாறே இல்லை என்று ஒருவனைச் சொல்லிச் சொல்லி வளர்த்தால் அவன் ஒரு கிரீடத்தைத் தேடத்தான் செய்வான். ஆனால் தம்பிகளே, தங்கைகளே, அந்த அரண்மனையை உள்ளே போய்ப் பார்த்தவர்களாகச் சொல்கிறோம். அங்கே இருக்கும் ஒவ்வொரு தங்க வளைவும் நமக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் கணக்கு. அதில் நமக்கு ஒரு பங்கு கேட்டால், துடுப்புப் போட்டவர்களை மறந்துவிட்டுத் தளபதியின் வாரிசாகிறோம்.

வேறொரு வழியைக் காட்டியவர் ஆர்துரோ ஷோம்பர்க். 1874-இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த கறுப்பினத்தவர். கறுப்பர்களுக்கு வரலாறு கிடையாது என்று பள்ளியில் ஓர் ஆசிரியர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர் என்பார்கள். நியூயார்க்குக்கு வந்து குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே, கறுப்பின மக்கள் எழுதியது, வரைந்தது, அவர்களைப் பற்றிய கடிதம், பத்திரம், துண்டறிக்கை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 1926-இல் அந்தச் சேகரிப்பை 10,000 டாலருக்கு நியூயார்க் பொது நூலகம் பெற்றுக்கொண்டது. இன்றும் ஹார்லெமில் அவர் பெயரில் ஓர் ஆய்வு நூலகம் இருக்கிறது, யாரும் போய்ப் படிக்கலாம். கையில் வந்த பணத்தில் அவர் செய்த வேலைகளில் ஒன்று, ஸ்பெயினுக்குப் பயணம் போய் ஹுவான் தெ பரேஹாவைத் தேடியது. வெலாஸ்கெஸ் வரைந்த பரேஹாவை உலகத்துக்குத் தெரியும். பரேஹா வரைந்ததைப் பார்க்க வேண்டும் என்று போனார்.

ஏனென்றால் விடுதலைக்குப் பிறகு பரேஹா தானே ஓர் ஓவியராக வாழ்ந்தார். அவருடைய பெரிய ஓவியம் ஒன்று மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'புனித மத்தேயுவின் அழைப்பு', 1661. வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சி. மேசையைச் சுற்றிப் பலர். இடது ஓரத்தில், நல்ல உடை உடுத்தி, நம்மைப் பார்த்தபடி நிற்பவர் பரேஹாவேதான். தன் முகத்தைத் தானே வரைந்திருக்கிறார். வெலாஸ்கெஸ் வரைந்த முகத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பாக, ஐரோப்பியச் சாயலில் தன்னைக் காட்டியிருக்கிறார். அதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. நம் வீடுகளில் புகைப்படத்துக்கு முகத்தில் பவுடர் அப்பிய தலைமுறையை நமக்குத் தெரியும். விடுதலைப் பத்திரம் கிடைத்தவுடன் எல்லாப் பாரமும் இறங்கிவிடுவதில்லை.

அந்த உருவத்தின் கையிலும் ஒரு தாள் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது அவருடைய பெயர், ஹுவான் தெ பரேஹா, அந்த ஆண்டு. போப்பின் கையிலிருந்த தாளில் எசமானின் பெயர் இருந்தது. பதினொரு ஆண்டு கழித்து, அடிமையாக இருந்தவரின் கையில் அவர் பெயர்.

ஆகவே தோழர்களே, எங்கள் வேண்டுகோள் இதுதான். கிரீடம் தேடுவதை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். தாத்தாவின் பட்டா, கிஸ்தி ரசீது, பாட்டியின் பழைய ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், தேயிலைத் தோட்டத்துக்கோ பர்மாவுக்கோ போனவர்களின் கடிதம் எது இருந்தாலும் வெளிச்சத்தில் வைத்துத் தெளிவாகப் படம் எடுங்கள். இரண்டு இடத்திலாவது சேமித்து வையுங்கள். யாருடையது, எந்த ஊர், யார் சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள். உங்கள் ஊரின் பழைய 'அ' பதிவேட்டு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதில் டி.சி. நிலம் என்று குறித்த சர்வே எண்களைத் தனியே எடுத்து, இன்று அதே எண் யார் பெயரில் இருக்கிறது என்று ஒத்துப் பாருங்கள். ஒரு கிராமத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. எழுதுவதற்கு நாங்கள் உதவுகிறோம்.

அந்தப் பட்டியல் கையில் இருக்கும்போது அலுவலகத்துக்கு நாம் தனித்தனியாகப் போகத் தேவையில்லை. ஊராகப் போகலாம்.